சாக்கடைக்குத்தானே!

தமிழில் 'தானே' என்கிற சிறு சொல்லுக்கு இருக்கிற சக்தியை நான் பல காலமாகக் கவனித்து வருகிறேன். 'குழந்தைதானே' என்றால் அதில் மன்னிப்பு இருக்கிறது. 'வேலைக்காரிதானே' என்றால் அதில் அலட்சியம் இருக்கிறது. 'சர்க்கார் பணம்தானே' என்றால் திருட்டுக்கே பாதிச் சம்மதம் கிடைத்துவிடுகிறது. இந்த வரிசையில் சேர வேண்டிய இன்னொன்று, அண்மைக் காலத்தில் படித்தவர்கள் வாயிலிருந்தே அடிக்கடி என் காதில் விழுவது: 'சாக்கடைக்குத்தானே போகிறது!'

விஷயம் இதுதான். பூமிக்கடியில் புதைத்த பெட்ரோல் தொட்டியோ எண்ணெய்க் குழாயோ துருப்பிடித்துக் கசிகிறது. கசிந்த எண்ணெய் மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரில் கலக்கிறது. கலந்த பிறகு என்ன செய்வது? அந்த நீரை இறைத்து, மேலே மிதக்கும் எண்ணெயைப் பிரித்து, காற்றைச் செலுத்தியும், இதற்கென்றே பக்குவப்படுத்திய கரித்தொட்டிகளுக்குள் ஓட்டியும் சுத்தம் செய்கிறார்கள். சுத்தம் செய்த நீரை எங்காவது விட்டாக வேண்டும். அநேகமாக அது நகரத்தின் பாதாளச் சாக்கடைக்குப் போகிறது. அப்படி விடுவதற்கு முன்னால் அந்த நீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. இந்த விதியைத்தான் வீண் செலவு என்றும், காகித வேலை என்றும், காரியத்துக்கு முட்டுக்கட்டை என்றும் சொல்கிறார்கள். குடிக்கிற தண்ணீர் என்றால் சோதிக்க வேண்டியதுதான். சாக்கடைக்குப் போகிற தண்ணீருக்கு எதற்கய்யா ஜாதகம் என்று கேட்கிறார்கள்.

நான் ரசாயன நிபுணன் அல்லன். கல்லூரியில் இரண்டாண்டுக்கு மேல் பெஞ்சைத் தேய்க்காதவன். ஆனால், கதை எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவன் பேசும் வாக்கியத்தை வைத்து அவன் மனத்தில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கணக்கெடுக்கிற பழக்கம். 'சாக்கடைக்குத்தானே' என்கிற வாக்கியத்தில் யார் இல்லை என்பதை எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். எதிர்க்கட்சியின் பேச்சை முழுசாகக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது என் வழக்கமில்லை.

'சுத்தம் செய்தாயிற்றே, பிறகு எதற்குச் சோதனை?' என்பது முதல் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், கரித்தொட்டி என்பது வற்றாத அட்சய பாத்திரமா? அது ஒரு சத்திரம். அறைகள் இத்தனை என்று கணக்கு உண்டு. வருகிற விருந்தாளிகளை எல்லாம் அது தங்கவைத்துக்கொள்ளும், அறைகள் நிரம்புகிற வரையில். நிரம்பிய பிறகு வருகிறவன் நேராகப் புழக்கடை வழியே வெளியே போய்விடுவான். இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. கரியோடு இறுக ஒட்டிக்கொள்ளும் பொருள்கள் பின்னால் வந்தால், முன்பே வந்து லேசாக ஒட்டிக்கொண்டிருந்தவற்றை அவை வெளியே தள்ளிவிடும். அந்த நேரத்தில், தொட்டிக்குள் நுழைகிற நீரில் இருப்பதைவிட வெளியே வருகிற நீரில் அந்த நஞ்சு அதிகமாகக்கூட இருக்கலாம்! இது எப்போது நடக்கும் என்று தொட்டியின் இரும்புச் சுவரைத் தட்டிப் பார்த்தா சொல்ல முடியும்? அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் இரண்டு தொட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, இரண்டுக்கும் நடுவே மாதிரி எடுக்கிறார்கள். முதல் தொட்டி கைவிட்ட செய்தி அங்கே தெரிந்துவிடும். இரண்டாவது தொட்டி காவலுக்கு இருக்கும். சுத்தம் செய்தேன் என்பது ஒருவன் சொல்கிற சொல். அந்தச் சொல்லுக்குச் சாட்சி வேண்டாமா?

'தண்ணீர் பளிங்குபோல் இருக்கிறது, வாடையும் இல்லை' என்பது இரண்டாவது வாதம். பெட்ரோலில் பென்ஸீன் என்று ஒரு பொருள் உண்டு. டொலுயீன், எத்தில் பென்ஸீன், ஸைலீன் என்று அதற்குக் கூடப் பிறந்தவர்களும் உண்டு. பென்ஸீன் மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்பதில் விஞ்ஞானிகளிடையே கருத்து வேறுபாடு கிடையாது. அது ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 1.8 கிராம் வரைக்கும் கரையும்; கரைந்தபின் கண்ணுக்குத் தெரியாது. குடிநீரில் இதற்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் ஐந்தே பங்கு. உலக சுகாதார நிறுவனம் 10 என்கிறது. சாக்கடைக்கு வைக்கும் எல்லை இதைவிடத் தாராளமானது. ஊருக்கு ஊர் வேறுபடுவது. ஆனால், நம் மூக்கு பென்ஸீனைக் கண்டுகொள்வதற்கு இந்தக் குடிநீர் அளவைப்போலப் பன்மடங்கு வேண்டும். மூக்கை நம்பிச் சோதனையைக் கைவிடுவது, கிளி ஜோசியனை நம்பி வைத்தியரைக் கைவிடுவதற்குச் சமானம்.

'கொஞ்சம் இருந்தால்தான் என்ன? அவ்வளவு பெரிய சாக்கடையில் கலந்து நீர்த்துப் போய்விடும்' என்பது மூன்றாவது வாதம். பாலில் தண்ணீர் கலந்தவனைப் பிடித்து அபராதம் போடுகிறோம். நஞ்சில் தண்ணீர் கலந்தவனைப் பார்த்து, 'நன்றாகச் சுத்தம் செய்திருக்கிறாய்' என்று சொல்ல வேண்டுமாம்! அமெரிக்காவில் தொழிற்சாலைகள் ஊர்ச் சாக்கடையில் விடும் கழிவுக்கான மத்திய விதிகளில், சுத்திகரிப்புக்குப் பதிலாகத் தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்வதைத் தடுக்கும் விதி தனியாகவே இருக்கிறது. விதி எழுதியவர்களுக்கு மனித சுபாவம் தெரிந்திருக்கிறது.

'சாக்கடை எப்படியும் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தானே போகிறது, அங்கே பார்த்துக்கொள்வார்கள்' என்பது நான்காவது வாதம். இதுதான் இருப்பதிலேயே கெட்டிக்கார வாதம். ஆகையால் இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்வது யந்திரங்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அங்கே வேலை செய்கிறவை கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். நம் கழிவைத் தின்று தீர்க்கும் கோடானுகோடிக் கிருமிகள். நஞ்சு அதிகமானால் அவை சாகும். அவை செத்தால் ஊர்க் கழிவு முழுதும் அப்படியே ஆற்றுக்குப் போகும். இது ஒரு புறம் இருக்கட்டும். பென்ஸீன் அந்த நிலையம் வரைக்கும் பத்திரமாகப் போய்ச் சேரும் என்று யார் சொன்னது? அது தண்ணீரை விட்டு எழும்பிக் காற்றோடு கலந்துவிடுகிற பொருள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே பறந்து போய்விடாமல் பள்ளத்தில்தான் தங்கும். பாதாளச் சாக்கடையைவிடத் தோதான பள்ளம் வேறு எங்கே இருக்கிறது?

மெக்ஸிகோவில் குவாதலஹாரா என்று ஒரு நகரம். 1992-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அங்கே ஒரு பகுதியில் சாக்கடைகளிலிருந்து பெட்ரோல் நெடி வீசியது. ஜனங்கள் புகார் செய்தார்கள். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். அபாயம் என்றுகூடத் தெரிந்தது. ஆனால், யாரையும் வெளியேற்றவில்லை. 22-ம் தேதி காலை பத்து மணிக்கு மேல் தெருக்கள் வெடித்தன. வீடுகளுக்கு முன்னால் இருந்த வீதியே, ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளத்துக்கு, பிளந்துகொண்டு மேலெழுந்தது. அதிகார பூர்வமான கணக்குப்படியே 200 பேருக்கு மேல் மாண்டார்கள். பக்கத்தில் போட்ட தண்ணீர்க் குழாயோடு உரசி அரித்துப்போன எண்ணெய்க் குழாயின் ஓட்டையிலிருந்து பெட்ரோல் மண்ணில் இறங்கிச் சாக்கடைக்குள் புகுந்திருந்தது.

உடனே என் நண்பர்கள், 'அது நேரடிப் பெட்ரோல். சுத்திகரித்த நீரில் இருக்கும் மிச்சம் மீதி அப்படி வெடிக்குமா?' என்று மடக்குவார்கள். வெடிக்காது. சுத்திகரிப்பு ஒழுங்காக நடந்திருந்தால் வெடிக்காது. ஒழுங்காக நடந்ததா என்பதைத்தானே ஐயா சோதனை சொல்ல வேண்டும்! எண்ணெயைப் பிரிக்கிற பகுதி ஒருநாள் அடைத்துக்கொண்டால், ஆள் இல்லாத ராத்திரியில் குழாய் வழியே போவது மிச்சம் மீதி மட்டும்தானா? அமெரிக்க விதி, 60 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே தீப்பற்றும் எதையும் ஊர்ச் சாக்கடையில் விடக்கூடாது என்கிறது. சாக்கடையில் வேலை செய்கிறவர்களின் உடல்நலத்தைக் கெடுக்கும் நச்சு ஆவியை உண்டாக்கும் எதையும் விடக்கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. இரண்டாவதாகச் சொன்னதை வாசகர்கள் இன்னொரு முறை படிக்க வேண்டுகிறேன். அந்த விதியை எழுதியவன் மனத்தில் சாக்கடைக்குள் ஒரு மனிதன் இருந்திருக்கிறான்.

நம் மனத்தில் இருக்கிறானா?

பென்ஸீன் எழும்பி வரும் அந்தப் பள்ளத்தில் நம் நாட்டில் மனிதனை இறக்குகிறோம். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் இறக்கக்கூடாது என்று 2013-ல் சட்டம் செய்தோம். சாக்கடையில் இறங்கி மாண்டவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2023-ல் அதே நீதிமன்றம் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. சட்டப்படி யாருமே பாதுகாப்பின்றி இறங்காத இடத்தில் சாகிறவனுக்கு நஷ்டஈட்டை ஏன் உயர்த்த வேண்டியிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அவன் இறங்கிக்கொண்டிருக்கிறான் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? சாக்கடையில் இயல்பாகவே உண்டாகும் கந்தக வாயு மூக்கை மரத்துப்போகச் செய்கிற வாயு. நம் நண்பர் எந்த மூக்கை நம்பி 'வாடை இல்லை' என்று சொன்னாரோ, அந்த மூக்குகூட அவனுக்கு அங்கே உதவாது. எவனோ எங்கேயோ சோதிக்காமல் திறந்துவிட்ட வால்வின் பலனை, ஒன்றும் அறியாமல் அவன் சுவாசிக்கிறான்.

'சாக்கடைக்குத்தானே' என்பதில் உள்ள 'தானே' அவன்மேல்தான் விழுகிறது. அவன் எந்தத் தெருவில் பிறந்தவன் என்று நமக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாக எந்தச் சாதியார் தலையில் இந்த வேலையைக் கட்டி வைத்திருக்கிறோம் என்பதும் தெரியும். அந்த இடத்தில் அக்கிரகாரத்துப் பிள்ளையோ, மிராசுதார் வீட்டுப் பிள்ளையோ, நாவலாசிரியன் வீட்டுப் பிள்ளையோ இறங்குவதாக இருந்தால், இந்தச் சோதனை வீண் செலவு என்று எவனாவது வாய் திறப்பானா?

இனிச் செலவுக்கு வருகிறேன். ஒரு பொறியாளர் என்னிடம் மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "சார், நீங்கள் கதை எழுதுகிறவர். உங்களுக்கு இதெல்லாம் உணர்ச்சிப் பிரச்னை. ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வர நாள் கணக்கில் ஆகும். அதுவரைக்கும் தண்ணீரை எங்கே வைத்துக்கொள்வது?"

"தொட்டியில்" என்றேன்.

அவர் சிரித்தார். ஆனால் விடை அதுதான். கொஞ்ச நீரானால் தொட்டியில் நிரப்பி, மாதிரி எடுத்து, முடிவு வரும் வரையில் பூட்டி வைத்து, தேறினால் திறந்துவிட வேண்டும். தேறாவிட்டால் திரும்பவும் கரிக்குள் ஓட்ட வேண்டும். ஓயாமல் இறைக்க வேண்டிய இடமானால், ஆரம்பத்தில் இப்படித் தேக்கிச் சோதித்துத் தேறிய பிறகு, இரண்டு தொட்டிகளுக்கு நடுவே விடாமல் மாதிரி எடுத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். இதற்கு ஆகும் செலவு கசியவிட்டவன் செலவு. அவன் தன் குழாயை ஒழுங்காகப் பராமரித்திருந்தால் இந்தச் செலவே கிடையாது. மிச்சம் பிடிக்கிற பணம் அவன் பெட்டிக்குள் போகிறது. மிச்சம் பிடித்ததன் பலன் இன்னொருவன் நுரையீரலுக்குள் போகிறது. இந்தக் கணக்குக்குச் 'சிக்கனம்' என்று பெயர் வைத்தவனை நான் சந்திக்க ஆசைப்படுகிறேன்.

சோதனை என்றாலும் எந்தச் சோதனை? இங்கேயும் ஜாக்கிரதை வேண்டும். பென்ஸீனுக்கு மாதிரி எடுப்பதென்றால் 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பியில், ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, துளி அமிலம் சேர்த்து, பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். வாளியில் மொண்டு, பாதிப் பாட்டிலில் ஊற்றி, மத்தியான வெயிலில் ஜீப்பில் போட்டு அனுப்பினால், போகிற வழியிலேயே பென்ஸீன் பறந்துவிடும். 'கண்டறியப்படவில்லை' என்று அழகான கடிதம் வரும். கண்டறியப்படவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா? அந்தக் கருவியின் கண்ணுக்குப் படவில்லை என்றுதான் அர்த்தம். எல்லை 5 என்று வைத்துவிட்டு, 50-க்குக் கீழே பார்க்கத் தெரியாத கருவியில் சோதித்தால், அந்தக் கடிதத்தைக் கடலை மடிக்கத்தான் கொடுக்கலாம். மாதிரி எடுக்கும் நாளையும் நேரத்தையும் கசியவிட்டவனே குறிப்பது என்றால், அது பரீட்சை எழுதுகிறவனே கேள்வித்தாள் தயாரிப்பதற்கு ஒப்பாகும்.

இதெல்லாம் எங்கோ சீமையில் நடக்கிற விவகாரம் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். 2013-ல் நம் சென்னைத் தண்டையார்பேட்டையில், பூமிக்கடியில் போன எண்ணெய்க் குழாய் கசிந்து, குடியிருப்புகளின் கிணற்றிலும் போர்வெல்லிலும் பெட்ரோலிய நெடி வந்தது. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போயிற்று. யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துக் கிணறுகளில் மின்நிலையத்து எண்ணெய் கலந்து, 2019-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் மின்சாரக் கம்பெனியை 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. நிலத்தடி எண்ணெய்க்கு சீமை, சுதேசம் என்கிற பேதம் கிடையாது.

ஹவாய்த் தீவுகளில் ரெட் ஹில் என்று ஒரு குன்று. அமெரிக்கக் கடற்படை இரண்டாவது உலக யுத்த காலத்தில் அதன் வயிற்றைக் குடைந்து 20 ராட்சத எண்ணெய்த் தொட்டிகளை வைத்தது. அவற்றுக்குச் சுமார் 30 மீட்டர் கீழே ஊருக்குக் குடிநீர் தரும் நீரோட்டம். 2021 நவம்பரில் அங்கே எண்ணெய் கசிந்து, ஏறத்தாழ 93,000 பேருக்குப் போகும் குடிநீரில் கலந்தது. குடித்தவர்கள் வாடை அடிக்கிறது என்று முறையிட்டபோது, தண்ணீரில் குறையில்லை என்றுதான் முதலில் பதில் வந்தது. சோதனைதான் அந்தப் பதிலைப் பொய்யாக்கிற்று. பிறகு 2022-ல், கெட்டுப்போன நீரை நாளொன்றுக்கு 50 லட்சம் காலன் வரை இறைத்துக் கரியில் வடிகட்டி ஓர் ஓடையில் விடத் தொடங்கியபோது, அத்தனை பெரிய அந்தக் கடற்படையும் மாநில சுகாதார இலாகாவின் அனுமதிக்கும் சோதனைக்கும் உட்பட்டுத்தான் விட வேண்டியிருந்தது. யுத்தக் கப்பல் வைத்திருக்கிறவனே மாதிரிக் குப்பியோடு வரிசையில் நிற்கிறபோது, நம் ஊர்க் கம்பெனிக்கு மட்டும் என்ன கௌரவக் குறைச்சல்?

நமக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1974-ம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-வது பிரிவு, நச்சுப் பொருளை அறிந்தே ஓடையிலோ கிணற்றிலோ விடக்கூடாது என்று சொல்லும்போதே, சாக்கடையிலும் விடக்கூடாது என்று சேர்த்தே சொல்கிறது. சட்டம் கிணற்றையும் சாக்கடையையும் ஒரே பந்தியில் உட்காரவைத்திருக்கிறது. நாம்தான் இலையை எடுத்து வெளியே போட்டிருக்கிறோம்.

'அறிந்தே' என்கிற அந்தச் சொல்லையும் கவனியுங்கள். சோதிக்காதவன் அறியாதவன். அறியாமை அவனுக்கு வக்கீல் இல்லாமலே வாதாடுகிறது. சோதனை வேண்டாம் என்று இவர்கள் இத்தனை பாடுபடுவதில் பாதிக் காரணம் செலவு என்றால், மீதிக் காரணம் இதுதான் என்பது என் சந்தேகம்.

ஆகவே நான் கேட்பது நாலே காரியங்கள். சுத்திகரித்த நீரைச் சோதித்த பிறகுதான் திறக்க வேண்டும். திறந்துவிட்டுச் சோதிப்பது பிரேத பரிசோதனை. மாதிரியைக் கசியவிட்டவனுக்குச் சம்பந்தமில்லாதவர்கள், அவனுக்கு முன்கூட்டித் தெரியாத நேரத்தில் எடுக்க வேண்டும். முடிவை, எல்லை இன்னது, கிடைத்தது இன்னது, கருவி பார்க்கக்கூடியது இன்னது என்று தமிழில் எழுதி அந்தத் தெருவிலேயே ஒட்ட வேண்டும். சாக்கடைப் பணியாளர்களிடமும் ஒரு பிரதி கொடுத்து, அவர்கள் வேண்டாம் என்றால் வால்வை மூடுகிற அதிகாரத்தையும் கொடுக்க வேண்டும். நாலாவது கோரிக்கையைப் படித்துச் சிலர் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தன் மூச்சைப் பற்றி முடிவு செய்யும் உரிமை ஒரு மனிதனுக்கு உண்டு என்பதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவர்கள்தான் எனக்கு விளக்க வேண்டும்.